களவும் காவலும்

ஓர் ஊரின் வரலாறு அங்கே பிறந்தவர்களிடமிருந்து தொடங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். கோங்க் என்ற பிரெஞ்சுச் சிற்றூரின் வரலாறோ, அந்த ஊரை உயிரோடிருந்தபோது பார்த்தேயிராத ஒரு சிறுமியின் எலும்புகளைச் சுற்றி எழுந்தது. அந்த எலும்புகளும் களவாடிக் கொண்டுவரப்பட்டவை. களவு நடந்ததை ஊர் மறைக்கவில்லை. அதைச் செய்த துறவியின் பெயரோடு, பக்திப் பெருமிதத்தோடு எழுதி வைத்திருக்கிறது. ஒரு திருட்டை வெட்கமில்லாமல் நினைவுகூர்ந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஊர், உரிமை என்பதைப் பற்றி நமக்கு ஏதோ சொல்ல வேண்டும்.

தென் பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில், டூர்டூ ஆறும் ஊஷ் ஓடையும் கூடும் இடத்துக்கு மேலே, செங்குத்தான மலைச்சரிவில் கோங்க் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பிய வீடுகள். சாம்பல் நிறப் பலகைக்கற்களை மீன்செதில்போல் அடுக்கிய கூரைகள். குடியிருப்பவர்கள் சில நூறு பேர். 2016 முதல் நிர்வாகக் கணக்கில் அது தனி ஊர்கூட இல்லை. அண்டையிலுள்ள மூன்று ஊர்களோடு இணைத்து விட்டார்கள். இத்தனை சிறிய ஊரின் நடுவில் 56 மீட்டர் நீளமும் 22 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கற்கோயில் நிற்கிறது. ஊருக்காகக் கட்டிய கோயில் அல்ல அது. வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது. ஸ்பெயினிலுள்ள கொம்போஸ்தெலாவில் புனித யாக்கோபின் கல்லறையைத் தேடி நடந்தவர்கள், லெ புய் நகரிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்து வந்து இங்கே தங்கினார்கள். இன்றும் முதுகுப்பையோடு நடந்து வருகிறார்கள்.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்ற தவசி இந்தப் பள்ளத்தாக்கில் ஒதுங்கினார். அவரைச் சுற்றிச் சிலர் சேர்ந்தார்கள். ஆசீர்வாதப்பர் ஒழுங்கைப் பின்பற்றும் மடம் உருவானது. 819-இல் சார்லமேன் பேரரசரின் மகன் லூயி இந்த மடத்துக்கு நிலமும் பாதுகாப்பும் வழங்கிப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். நிலம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். புனிதர்தான் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு மடத்துக்குப் புனிதரின் எலும்பு என்பது அலங்காரம் அல்ல. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் முறையிட ஓர் ஆள். நிலத்தகராறில் தன் பக்கம் நிற்கும் சாட்சி. யாத்திரிகர்களை வழி மாறி வரவைக்கும் ஈர்ப்பு. அருகிலேயே, கொஞ்சம் சமதளமான ஃபிஜாக்கில், அரச ஆதரவோடு ஒரு போட்டி மடமும் எழுந்துவிட்டது. மலைச்சரிவில் சிக்கிய கோங்க் மடத்துக்குப் பிழைக்க வழி வேண்டும்.

முதல் முயற்சி ஸ்பெயின் பக்கம் போனது. வின்சென்ட் என்ற மறைசாட்சியின் உடலை எடுத்துவரச் சென்ற துறவி, வழியில் அதைப் பறிகொடுத்து வெறுங்கையோடு திரும்பினார். பிறகு கண் அஜான் நகரத்தின் மேல் விழுந்தது. 303-ஆம் ஆண்டில், ரோம ஆளுநர் முன் தன் விசுவாசத்தைக் கைவிட மறுத்ததால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டிலில் கிடத்தப்பட்டு, பின் தலை வெட்டப்பட்டாள் என்று மரபு சொல்லும் ஃபுவா என்ற சிறுமியின் கல்லறை அங்கே இருந்தது. அவளுக்கு வயது பன்னிரண்டு என்பார்கள்.

866-ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படும் களவின் கதை, நிதானத்தால்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அரிவிஸ்கஸ் என்ற துறவி யாத்திரிகர்போல அஜானுக்குப் போகிறார். தாம் யார் என்பதைச் சொல்லாமல் அங்குள்ள குருக்களோடு சேர்ந்து வாழ்கிறார். பத்து ஆண்டுகள். அவருடைய ஒழுக்கத்தைப் பார்த்து மதித்த அவ்வூர்க்காரர்கள், கடைசியில் அந்தக் கல்லறைக்கே அவரைக் காவலராக்குகிறார்கள். மூவரசர் திருநாளன்று மற்றவர்கள் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும்போது, அவர் கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்.

இதை எழுதிவைத்த கோங்க் துறவிகளுக்கு இதில் பாவம் தெரியவில்லை. அவர்களுடைய வாதம் எளிமையானது: விருப்பமில்லாத புனிதரை யாரும் நகர்த்த முடியாது. அவள் வர நினைத்தாள், வந்தாள். திருடியவன் வெறும் வாகனம். இந்த வாதத்தில் தந்திரம் இருக்கிறது. திருடப்பட்ட பொருளையே திருட்டின் சம்மதக்காரியாக மாற்றிவிடுகிறது. ஆனால் இதை வெறும் தந்திரமாகத் தள்ளிவிடவும் முடிவதில்லை. எலும்பு ஒரு பொருள் அல்ல, ஓர் ஆள் என்று உண்மையாகவே நம்பியவர்களின் வாதம் இது. பொருளுக்கு உடைமையாளர் உண்டு. ஆளுக்கு விருப்பம் உண்டு. அந்த விருப்பத்தைப் பற்றித்தான் இனி எழுதப்பட்ட எல்லாக் கதைகளும்.

*

வந்தவளுக்கு ஓர் உடல் செய்தார்கள். மரத்தைச் செதுக்கி, அதன்மேல் பொன் தகடு போர்த்திய, 85 சென்டிமீட்டர் உயரமுள்ள சுரூபம். அரியணையில் நேராக உட்கார்ந்திருக்கிறாள். எலும்பு உள்ளே இருக்கிறது. ஆகவே இது அவளுடைய சாயல் மட்டுமல்ல, அவளுடைய இருப்பிடமும்கூட. மேலை ஐரோப்பாவில் இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கும் இவ்வகைச் சுரூபங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள்.

முகத்தைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அகன்ற கண்கள், கனத்த தாடை, சற்றே மேலே தூக்கிய பார்வை. 1950-களில் சுரூபத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது, தலை மட்டும் உடலைவிட நூற்றாண்டுகள் மூத்தது என்பது உறுதியானது. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த பொன் தலை அது. ஏதோ ஒரு பேரரசரின் முகமாக இருக்கலாம். பேரரசின் அதிகாரத்தால் கொல்லப்பட்ட சிறுமிக்கு அதே பேரரசின் தலையைப் பொருத்தியிருக்கிறார்கள். அங்கியெங்கும் பதித்த கற்களிலும் பழைய ரோமச் செதுக்குகள் உள்ளன. கைகளோ பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்த்தவை. இவற்றில் பெரும்பாலானவை அவளுக்காகவென்று செய்யப்படவில்லை. எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தவை.

1013-இல் வடக்கேயிருந்து ஒரு படிப்பாளி வந்தார். அஞ்சே நகரத்துப் பள்ளி ஆசிரியர் பெர்னார். ஷார்த்ரில் ஃபுல்பேர் ஆயரிடம் படித்தவர். அவருடைய ஊர்ப்பக்கம் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைத் தவிர வேறு யாருக்கும் முழுவடிவச் சுரூபம் செய்வது வழக்கமில்லை. தெற்கே வரவர ஊருக்கு ஊர் பொன்முகங்கள் பீடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். ஜூப்பிட்டருக்கும் மார்ஸுக்கும் செய்த பழைய சிலைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று உடன் வந்தவரிடம் லத்தீனில் கிண்டல் செய்தார். லத்தீனில் பேசினால் சுற்றியிருந்த குடியானவர்களுக்குப் புரியாதே.

பிறகு மனம் மாறினார். சுரூபத்தை இகழ்ந்த ஒரு குருவின் கனவில் அவள் கோலோடு வந்து அடித்ததாகவும், அவர் அதிலேயே செத்ததாகவும் மடத்தார் சொன்ன கதையும் அதற்குக் காரணம். அவளுடைய அற்புதங்களைக் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினார். மீண்டும் வந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மடத்துத் துறவிகள் தொடர்ந்தார்கள். அப்படி உருவான அற்புதங்களின் நூல்தான் கோங்க் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக உயிரோட்டமான சாட்சி. நம்பாதவராக வந்தவர் எழுதியது என்பதால் அதற்கு ஒரு தனிச் சுவை. பாதி நம்பிக்கை, பாதி ஆச்சரியம். நடுநடுவே, தம்மை யாராவது ஏமாளி என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலை.

அந்த நூலில் வரும் புனிதை, பொறுமையே உருவான மறைசாட்சி அல்ல. பிடிவாதக்காரச் சிறுமி. நகை என்றால் ஆசை. யாராவது நல்ல மோதிரம் போட்டிருந்தால் கனவில் வந்து கேட்பாள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தவர்களைக் காய்ச்சலில் தள்ளுவாள். துலூஸ் கோமகனின் மனைவி ஆர்சின்டிடம் பொன் வளையல்களைக் கேட்டாள். அவளோ அதற்கு ஈடாகப் பிள்ளை வரம் கேட்டாள். பேரம் படிந்தது. அந்த வட்டாரத்தில் விலையுயர்ந்த மோதிரமோ கொண்டை ஊசியோ வைத்திருப்பவர் அநேகமாக யாருமே இல்லாத அளவுக்கு அவள் வாங்கித் தீர்த்துவிட்டாள் என்று பெர்னார் எழுதுகிறார். அவளுடைய இந்தக் குறும்புகளை அவள் விளையாட்டு என்றே அவ்வூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பிடுங்கப்பட்ட கண்களைத் திரும்பப் பெற்றதாகச் சொல்லிக்கொண்ட கிபேர் என்பவரையும் பெர்னார் நேரில் சந்தித்தார். அற்புதத்துக்குப் பிறகு கோயிலில் மெழுகுவர்த்தி விற்கும் வேலை கிபேருக்குக் கிடைத்தது. பணம் சேர்ந்ததும் பெண் சபலம் வந்தது. ஒரு கண் மங்கியது. அழுது மன்றாடினார், தெளிந்தது. மறுபடி சபலம், மறுபடி மங்கல். எந்த அற்புதமும் மனிதனை ஒரேயடியாகத் திருத்துவதில்லை என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் புனிதர் வரலாறு அபூர்வம்.

சுரூபம் கோயிலுக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் இல்லை. மடத்து நிலத்தை எவனாவது பிரபு கைப்பற்றினால், தந்தக் கொம்பும் கைத்தாளமும் முழங்க அவளைத் தூக்கிக்கொண்டு அந்த நிலத்துக்கே போவார்கள். ரோடெஸ் ஆயர் ஒருமுறை சபை கூட்டியபோது, வட்டாரத்துப் புனிதர்கள் அனைவரும் தத்தம் பொன்னுடலோடு வந்து, ஒரு புல்வெளியில் தனித்தனிக் கூடாரங்களில் இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் கோங்க் புனிதையும் இருந்தாள். திருடப்பட்டு வந்தவள் இப்போது அடுத்தவர் அபகரித்த நிலத்தை மீட்கப் போகிறாள். இந்த முரண் அவர்கள் கண்ணில் பட்டதற்கான அடையாளமே இல்லை.

*

அவளுடைய முக்கியமான அற்புதம் நகையில் இல்லை, விலங்கில் இருந்தது. சின்னச் சின்னக் கோட்டைப் பிரபுக்கள் ஒருவரையொருவர் பிடித்து அடைத்து மீட்புப் பணம் கேட்ட காலம் அது. சிறையில் கிடந்தவர்கள் அவள் பெயரைக் கூவினார்கள். தப்பியவர்கள் தங்கள் கால்விலங்கைச் சுமந்துகொண்டு கோங்குக்கு வந்து காணிக்கையாக வைத்தார்கள். குவிந்த இரும்பை உருக்கி, பீடத்தைச் சுற்றிக் கம்பியழி அடித்தார்கள் என்பது மரபு. சுருள்சுருளாக வளைந்த அந்தப் பழைய அழி இன்றும் நிற்கிறது. பொன்னைக் கொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள். இரும்பைக் கொடுத்தவர்கள் வேறு எதுவும் இல்லாதவர்கள். பொன்னைக் காக்கும் வேலி அந்த இரும்பால் ஆனது.

யாத்திரிகர் பெருகினார்கள். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் மடத்தலைவர் ஒடோல்ரிக் காலத்தில் தொடங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முடிந்த இன்றைய கோயில், கூட்டத்தைக் கணக்கிட்டுக் கட்டியது. பீடத்தைச் சுற்றி வர ஒரு பிரகாரம். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே யாத்திரிகர்கள் ஒரு பக்கம் நுழைந்து, அழிக்குள் பொன்முகத்தைப் பார்த்து, மறுபக்கம் வெளியேறலாம்.

மேற்கு வாசலுக்கு மேலேயுள்ள அரைவட்டச் சிற்பத்தில் இறுதித் தீர்ப்பு நடக்கிறது. 124 உருவங்கள். பல இடங்களில் பழைய வண்ணம் ஒட்டியிருக்கிறது. நடுவில் கிறிஸ்து. அவருக்கு வலப்பக்கம் மோட்சம் போகிறவர்களின் ஊர்வலம். தாதோன் தவசி கோலூன்றிப் போகிறார். அவருக்குப் பின்னால் ஒரு மடத்தலைவர் சார்லமேனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். பேரரசருக்குக் கொஞ்சம் தயக்கம் தெரிகிறது. இந்த மடத்துக்குச் செய்த கொடைதான் அவரை உள்ளே விடவைக்கும் என்பது குறிப்பு. இடப்பக்கம் நரகம். குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரன், பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கிலாடும் பேராசைக்காரன், கள்ளக்காசு அச்சடிப்பவன், வலையில் சிக்கிய மதகுரு. ஆன்மாக்களை நிறுக்கும் தராசின் தட்டைப் பிசாசு விரலால் அழுத்தப் பார்க்கிறான். வெளிவளைவில், சுருட்டிய துணிக்குப் பின்னாலிருந்து விரலும் கண்ணும் மட்டும் தெரியச் சின்ன முகங்கள் இதையெல்லாம் எட்டிப் பார்க்கின்றன.

மோட்சத்துப் பக்கம் ஒரு மூலையில் ஃபுவா இருக்கிறாள். பொன் இல்லை, அரியணையும் இல்லை. காலியான அரியணை பின்னால் இருக்க, இறங்கி வந்து தரையில் விழுந்து கும்பிடுகிறாள். மேகத்திலிருந்து ஒரு கை அவளை நோக்கி நீள்கிறது. பக்கத்தில் வளைவுகளுக்கு அடியில் கால்விலங்குகள் தொங்குகின்றன. உள்ளே பேரரசர் முகத்தோடு உட்கார்ந்து நகை கேட்பவள், வாசலில் மற்றவர்களுக்காக மண்டியிடுகிறாள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த துறவிகளை வெறும் பணந்தேடிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் இன்னொன்றும் தோன்றுகிறது. பேராசைக்காரனையும் கள்ளக்காசுக்காரனையும் நரகத்தில் செதுக்கியவர்கள், காவலிருந்த கல்லறையை உடைத்தவனை எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள்? கேள்வியே எழாதபடி அவரை விட்டுவிட்டார்கள்.

*

யாத்திரை மெலிந்தது. மடம் தளர்ந்தது. 1537-இல் துறவிகளுக்குப் பதில் குருமார் குழு வந்தது. 1568-இல், மதப்போர்க் காலத்தில், புராட்டஸ்டன்ட் படை மடத்துக்குத் தீ வைத்தது. பிறகு வந்தது 1789. திருச்சபைச் சொத்து தேசத்தின் சொத்து என்று புரட்சி அரசு அறிவித்தது. நாடெங்கும் பொன் சுரூபங்களும் பேழைகளும் நாணயச் சாலைக்குப் போய் உருகின. கோங்குக்கும் அதிகாரிகள் வந்தார்கள். கையில் பட்டியல் இருந்தது, பொருள் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்னால், ஓர் இரவில் ஊர்க்காரர்கள் கருவூலத்தைச் சூறையாடியதுபோல் காட்டிவிட்டு, ஆளுக்கொன்றாக எடுத்துப் போய் வீட்டிலும் தோட்டத்திலும் கஷ்கொட்டை உலர்த்தும் குடிசைகளிலும் ஒளித்துவைத்தார்கள் என்று ஊர் சொல்கிறது. ஆபத்து நீங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கருவூலத்தின் முக்கியமான பொருள்களெல்லாம் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

இரண்டாவது களவு. முதல் களவில் ஒரு துறவி அடுத்த ஊரின் புனிதையைத் தன் மடத்துக்காக எடுத்தார். இரண்டாவதில் கஷ்கொட்டை தின்று வாழ்ந்த ஏழைக் குடியானவர்கள், சட்டப்படி தங்களுடையதல்லாத பொன்னைத் திருடினார்கள். ஒரு கல்லைப் பெயர்த்து விற்றிருந்தாலும் ஒரு குடும்பம் சில காலம் உண்டிருக்கும். மடத்துக்குப் பல நூற்றாண்டுகளாக வரி செலுத்தியவர்களின் வாரிசுகள் அவர்கள். மடத்தின் மேல் அவர்களுக்கு அன்பு இருந்திருக்கத் தேவையில்லை. அவளை மட்டும் அவர்கள் மடத்தின் சொத்தாகவோ தேசத்தின் சொத்தாகவோ பார்க்கவில்லை.

இங்கே நிறுத்தினால் அழகான கதையாக முடியும். ஆனால் அதே ஊர்க்காரர்கள், அதே தலைமுறைகளில், மடத்தின் முன்றிலைச் சுற்றியிருந்த தூண் மண்டபத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். மடத்தலைவர் பெகோன் 1100-ஐ ஒட்டிக் கட்டியது. ஒவ்வொரு தூண் தலையிலும் சிற்பம். பராமரிப்பார் இல்லாமல் அது இடிந்தபோது கற்கள் வீட்டுச் சுவர்களுக்குள் போயின. பொன்னைக் காத்த கைகளும் கல்லைப் பெயர்த்த கைகளும் ஒன்றே. இதை அறியாமை என்பது எளிது. அவர்களுக்கு அவள் வேண்டும். துறவிகள் உலாவிய மண்டபம் வேண்டாம். மரபுச் சின்னம் என்ற எண்ணமே அப்போது ஊருக்கு வந்திருக்கவில்லை. தனக்கு உறவானதைத்தான் மனிதர்கள் காத்தார்கள்.

அந்த எண்ணத்தைக் கோங்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் 1837-இல் வந்த ப்ரோஸ்பேர் மெரிமே. 'கார்மென்' எழுதிய அதே எழுத்தாளர். வரலாற்றுச் சின்னங்களின் அரசுக் கண்காணிப்பாளராக நாடு சுற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பொட்டல் மலையில் இப்படியொரு செல்வத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அவரிடம் பக்தி இல்லை. மதநம்பிக்கையற்றவர் என்றே பெயரெடுத்தவர். அவருடைய அறிக்கையின் பலனாக விழவிருந்த கோயில் நிமிர்ந்தது. தேசத்தின் பெயரால் பொன்னை உருக்க வந்தவர்களுக்குப் பின், அதே தேசத்தின் பெயரால் கல்லைக் காக்க ஒருவர் வந்தார். நம்பிக்கையில்லாதவரின் அன்பும் அவளுக்குத் தேவைப்பட்டது.

1873-இல் ப்ரெமோந்த்ரே சபைத் துறவிகள் வெள்ளை அங்கியோடு வந்து குடியேறினார்கள். இன்றும் அவர்களே வழிபாட்டை நடத்துகிறார்கள். 1875-இல் பீடப்பகுதிச் சுவரை வேலைக்காகத் திறந்தபோது உள்ளே ஒரு பேழை இருந்தது. அதில் அவளுடைய மற்ற எலும்புகள் இருந்தன. ஏதோ ஒரு பழைய ஆபத்தின்போது யாரோ சுவரெழுப்பி மறைத்து, மறைத்த செய்தியையும் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள்.

*

ரோடெஸில் 1919-இல் பிறந்த பியேர் சூலாஜ், பள்ளிச் சிறுவனாக இந்தக் கோயிலுக்குள் நின்றபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று முடிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் கறுப்பு ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற ஓவியர். 1986-இல் கோயிலின் சன்னல்களை அவரிடம் ஒப்படைத்தது அரசு. மொத்தம் 104 திறப்புகள். அவருக்கு வேண்டிய கண்ணாடி சந்தையில் இல்லை. நிறமில்லாமல், மறுபக்கம் தெரியாமல், ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி வேண்டும். சோதித்துச் சோதித்து அதை உருவாக்கி, துலூஸின் கண்ணாடிக் கலைஞர் ஜான்-தொமினிக் ஃப்ளெரியோடு சேர்ந்து 1994-இல் பொருத்தி முடித்தார். உருவம் கிடையாது, சரிந்து வளையும் கறுத்த ஈயக்கோடுகள் மட்டுமே. காலையில் நீலம் சாய்ந்தும் மாலையில் வெதுவெதுப்பாகவும் கல்லின் மேல் ஒளி மாறுகிறது.

அதற்காகக் கழற்றியவை 1950-களை ஒட்டி வைத்த, புனிதர் உருவங்கள் கொண்ட வண்ணக் கண்ணாடிகள். ஊரில் எதிர்ப்பு எழுந்தது. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அந்த வண்ணங்களின் கீழ் நடத்தியவர்களுக்கு அவை நேற்று வந்தவை அல்ல. எதிர்த்தவர்களை ரசனையற்றவர்கள் என்று சிரிப்பது சுலபம். ஆனால் அதிகாரி வந்து மாற்றச் சொன்னதும் சரி என்று தலையாட்டும் குணம் அவர்களுடைய முன்னோர்களுக்கு இருந்திருந்தால், இன்று பார்ப்பதற்குப் பொன்முகமே மிஞ்சியிருக்காது. சூலாஜின் சன்னல்கள் எனக்குப் பெரும் கலையாகப் படுகின்றன. அந்த எதிர்ப்பும் நியாயமானதாகவே படுகிறது.

கோங்கைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அஜானின் பக்கமும் நினைவுக்கு வருகிறது. பத்து ஆண்டுகள் தங்களோடு உண்டு, தொழுது, நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் கைவிட்டுப் போன மறுநாள் காலை அந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்? அதைப் பற்றிக் கோங்க் எழுதிய கதையில் இடமில்லை. பின்னால் வந்த எல்லாக் காவலும் சேர்ந்தாலும் அந்தக் காலையை அழிக்காது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அடுத்தவர் தெய்வங்கள் நிற்பதைப் பற்றி இன்று நடக்கும் வழக்குகளில், நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்ற வாதம் அடிக்கடி வருகிறது. கோங்க் அந்த வாதத்துக்குத் துணைநிற்கும் உதாரணம்போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்வதும், அவளிடம் கேட்டு, அவளுக்குக் கொடுத்து, அவளுக்காகச் சட்டத்தை மீறுவதும் ஒன்றல்ல. கோங்க் தன் உரிமையைக் களவால் பெறவில்லை, நல்ல பராமரிப்பாலும் பெறவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் அவளுக்காக எதையாவது இழந்ததால் பெற்றது. இழக்க ஆளில்லாத தலைமுறையில் அது காலாவதியாகவும் கூடும்.

இன்று அவள் கருவூல அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வெப்பமும் ஈரமும் அளவிட்ட காவல். இதுவரை அவளுக்குக் கிடைத்த காவல்களில் இதுவே ஆகச்சிறந்தது. இனி எந்த அரிவிஸ்கஸும் அவளை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆனால் அவளைக் கனவில் கண்டு பதறி எழுந்த ஒரு பெண் இன்று வந்து தன் மோதிரத்தைக் கழற்றினால், அதை வாங்கிக்கொள்வதற்கும் அங்கே வழி இல்லை.